ஏழாம் வகுப்பு 'பி'யை அடக்கியது

12.6.2006, திங்கள்
காலையிலிருந்து புழுதிக் காற்று. மழை இல்லை. வேலையில் முதல் நாள். ஏழாம் வகுப்பு 'பி', கணக்கு. உள்ளே போனேன், ஒருவரும் எழவில்லை. போர்டு பக்கம் திரும்பியதும் முதுகில் சாக்பீஸ். எறிந்தவன் கவின், பனியன் கம்பெனி முதலாளி மகன். வெளியே போ என்றேன்.
"நீங்க போங்க டீச்சர். ஃபேன் காத்து இங்கதானுங்க வருது."
வகுப்பே சிரித்தது. பாத்ரூமில் அழுதேன். வாங்க வேண்டியது: சேஃப்டி பின், தொண்டைக்கு மாத்திரை.

14.6, புதன்
கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டார். "ஏனுங்க டீச்சர், உங்க கிளாஸ் சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. சரி பண்ணுங்க. இல்லீன்னா ஊருக்கே போயிருங்க."
தாராபுரம் திரும்பினால் அண்ணி வாய்க்கு அவல். கவினைப் பற்றிச் சொன்னேன்.
"அந்தப் பையன் மேல கை வெக்காதீங்க. இந்தக் கட்டடமே அவுங்கப்பா கட்டிக் குடுத்ததுங்க."
சீனியர் சரோஜா டீச்சர், டீ குடித்துக்கொண்டே: "எல்லாத்தையும் அடக்க முடியாது கண்ணு. ஒண்ணப் புடி. கேக்க ஆளில்லாததாப் பாத்துப் புடி. மத்தது தானா அடங்கும்."

19.6, திங்கள்
பிடித்தேன். இசக்கியம்மாள், கடைசி பெஞ்ச். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சு. அம்மாவுக்குக் கவின் அப்பா கம்பெனியில்தான் வேலை. இன்றும் சாக்பீஸ் எறிந்தது கவின். கண்ணால் பார்த்தேன். அவளை எழுப்பினேன்.
"நான் இல்ல டீச்சர். அவந்தான் எறியுதான்."
"எறியுதானா? எங்க, இன்னொருக்கா சொல்லு."
சொன்னாள். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி. வகுப்பே சேர்ந்து கத்தியது, எறியுதான், எறியுதான். கவினுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். முதல் தடவையாக வகுப்பு என் பக்கம். அவள் அழுததும் நிறுத்தினேன். அப்புறம் பெல் அடிக்கும்வரை மூச்சுச் சத்தம்கூட இல்லை. பின்னம் நடத்தி முடித்தாயிற்று.
ராத்திரி நல்ல பசி.

23.6, வெள்ளி
தினமும் ஒரு தடவை எழுப்பினால் போதும். அவள் பக்கத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. பெஞ்சில் எவனோ காம்பஸால் 'எறியுதான்' என்று செதுக்கியிருக்கிறான். விட்டுவிட்டேன். கரஸ்பாண்டென்ட் வராந்தாவில் நின்று பார்த்தார். "பரவால்லீங்களே."
புதுச் செருப்பு கடிக்கிறது.

3.7, திங்கள்
இசக்கியம்மாளின் அம்மா வந்தாள். சண்டைக்கு என்று நினைத்தேன். கும்பிட்டாள்.
"பிள்ள பள்ளிக்கூடம் போமாட்டேங்கா டீச்சர். சோறும் திங்க மாட்டேங்கா. அவ மொதலாளி மகன் பேரச் சொன்னது தப்புதான். நீங்க வேணா அடிச்சுக்கிடுங்க. அவுகளுக்குக் கோவம் வராமப் பாத்துக்கிடுங்க, என் வேல போயிரும்."
உண்மை வாய்வரை வந்தது. கரஸ்பாண்டென்ட் அறைக் கதவு திறந்திருந்தது.
"புள்ளைய ஒழுங்கா வளத்துங்க" என்றேன்.
"சரிங்க டீச்சர்." வாசலில் திரும்பி இன்னொரு கும்பிடு.

11.7, செவ்வாய்
இசக்கியம்மாள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள். அம்மாவோடு கம்பெனியில், பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறாளாம். கவின்தான் சொன்னான்.
"நேத்துப் போயிப் பாத்தனுங்க டீச்சர். எறியுதான் சொல்லுன்னேன். சொன்னா."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

13.7, வியாழன்
தூறல். வகுப்பில் மறுபடி சத்தம். ஜன்னலோரம் மேரி. அப்பா கிடையாது, அம்மா கேட்க வரமாட்டாள். அவளைப் பார்த்தேன். பேரைக்கூட இன்னும் சொல்லவில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.