நாயாற்றில் தண்ணீர் இல்லையாம்

என் சவிரிமுத்து மச்சான்,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் போகாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். நீ போய் எட்டு மாதமாகிறது. நாயாற்று முகத்துவாரம் வழக்கம்போல மூடிவிட்டது. போன கிழமை வந்து பார்த்தேன். ஆவணி வெயிலில் வெறும் மணல். முல்லைத்தீவுக்குப் போகிற பெண்கள் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கால் நனையாமல் அக்கரைக்கு நடந்து போனார்கள். அந்த மணலைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

எங்கள் நில அளவைக் கந்தோரில் இப்போது எல்லாம் புதுக் கதை. நான் சங்கிலி பிடித்து அளக்க வந்து உன் வீட்டில் ஒரு மாதம் கிடந்தேனே, அந்த வேலை போய்விட்டது. விமானம் மேலே பறந்து படம் எடுக்கிறது. அந்தப் படங்களில் இருந்து எடுத்த அளவுகளை ஓட்டை போட்ட அட்டைகளாக்கிக் கொழும்பில் உள்ள ஒரு கணிக்கும் மெசினுக்குக் கொடுக்கிறார்கள். அது ஓர் அறை நிறைய இருக்கிறதாம். அதற்கு வேர்க்கக் கூடாதாம், எந்த நேரமும் குளிர்காற்று வேண்டுமாம். நாங்கள் ஆறு மாதம் தலையை உடைத்துப் போடுகிற கணக்கை ஒரு மத்தியானத்தில் போட்டுத் தந்துவிடுகிறது. மெசின் தந்த புள்ளிகளை வவுனியாவில் நாங்கள் தாளில் வைத்து, மையால் கோடு கீறினால் வரைபடம் முடிந்தது.

மெசினில் எனக்குக் கோபம் இல்லை. பொய் சொல்லக் கூடாது. வெயிலில் தலை சுற்றி நாங்கள் எத்தனை தடவை சங்கிலியைப் பிழையாக எண்ணியிருக்கிறோம். அது பிழைவிடாது. உன் வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்று ஒரு முழம்கூட விலகாமல் சொல்லும். ஆனால் எந்த மாதம் படம் எடுத்தீர்கள் என்று அது கேட்காது. அதைக் கேட்க வேண்டியவர்கள் சம்பளம் வாங்கும் மனிதர்கள். அவர்களைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

படம் எடுத்தது ஓர் ஆவணியில். முகத்துவாரம் மூடிக் கிடந்த நேரம். மழை விழுந்து உள்ளே களப்பில் தண்ணீர் நிறைந்ததும் நீங்கள் எல்லாரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, மண்வெட்டியோடு போய் மணலில் ஒரு வாய்க்கால் வெட்டுவீர்கள். மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொண்டு கடலுக்குப் பாயும். அதன்பிறகு மாசி வரை நீ ஓட்டிய அரசாங்கத் தோணி இல்லாமல் அக்கரைக்குப் போக முடியாது. கொக்கிளாயில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும்.

அந்த விமானப் படத்தைச் சரிபார்க்க ஒருவர் நேரில் வந்தாரே, அந்தக் கதையை நீதான் எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய்.

“தாளும் கையுமாய் ஒரு காற்சட்டைக்காரர் வாறார் எண்டு கேள்விப்பட்ட உடனை, லைசன் பாக்கத்தான் எண்டு நினைச்சு எல்லாத் தோணியையும் கண்டல் பத்தைக்குள்ளை இழுத்து விட்டிட்டம் மச்சான். அவசரத்திலை அரசாங்கத் தோணியும் சேர்ந்து போட்டுது. ‘கால் நனையாமல் போகலாம் சேர்’ எண்டு நானே அவரை அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனனான்.”

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்த வாயை இப்போது என்ன செய்வது? அவர் எழுதிக்கொண்டு போனது இவ்வளவுதான்: மணல் தரை, நடைபாதை, தோணி இல்லை.

புதுப் படம் மாவட்ட நிர்வாகம் பார்க்கிற கச்சேரிக்குப் போனது. தண்ணீர் இல்லாத இடத்துக்குத் தோணி எதற்கு என்று ஒரு கடிதம் வந்தது. லொறி வந்து அரசாங்கத் தோணியை ஏற்றிக்கொண்டு போனது. தோணிக்காரன் என்ற உன் வேலையும் அதோடு போனது. மார்கழி மழையில் உங்கள் ஊர்ப் பிலோமினா காய்ச்சல்காரப் பிள்ளையோடு கரையில் நின்று கத்தியபோது, உன் சின்ன வள்ளத்தை எடுத்துக்கொண்டு போனாய். அவர்களை அக்கரையில் இறக்கினாய். திரும்பி வரும்போது நீரோட்டம் உன்னைக் கடலுக்குள் இழுத்துவிட்டது. மூன்றாம் நாள் கொக்கிளாய்க் கரையில் கண்டெடுத்தோம். பிள்ளை பிழைத்துவிட்டது மச்சான். இப்போது ஓடித் திரிகிறது.

போன மாதம் உன் மனைவி திரேசம்மாவைக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த மழைக்கு முன் தோணியைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத்தான் வந்தார். உத்தியோகத்தர் படத்தை மேசையில் விரித்தார்.

“பாருங்கோ அம்மா, புதுப் படம். மெசின் கணிச்சது. இந்த இடத்திலை தண்ணியே இல்லை.”

திரேசம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார். “அப்ப என்ரை மனுசன் எதுக்குள்ளை விழுந்து செத்தவர், சேர்?”

“அது கடல் விபத்து எண்டுதானே பதிஞ்சிருக்கு. மீன்பிடிக்கப் போற ஆக்களுக்கு நடக்கிறதுதான்.”

சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் ஓர் ஆற்றையும் ஓர் ஆளையும் சேர்த்து மறைத்துவிட்டார்கள். கடைசியில், “படம் பிழை எண்டு படம் கீறின பகுதியிலை இருந்து ஒருத்தர் வந்து சொன்னால் யோசிப்பம்” என்றார். நான் சுவரோரம் திரேசம்மாவின் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவு எழுதியும் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். நாயாற்றுப் படத்தின் தாள் என் மேசைக்குத்தான் வந்தது.

புள்ளிகளைப் பார்த்ததும் எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. உன்னைப் பார்க்க வந்து எத்தனை மார்கழியில் உன் தோணியில் அதைக் கடந்திருக்கிறேன். பென்சிலால் ஓரத்தில் ‘மழைக்காலத்தில் ஆறு, தோணித்துறை’ என்று எழுதினேன். தலைமைப் படவரைஞர் பின்னால் வந்து நின்றார். “மெசின் தந்ததுக்குப் பக்கத்திலை உம்மடை கதையை எழுதாதையும். அழிச்சுப்போட்டுக் கீறும்” என்றார். அப்போது யாழ்ப்பாண இடமாற்றப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அவருடைய கையெழுத்து வேண்டியிருந்தது. அழித்தேன். இந்தக் கரையையும் அந்தக் கரையையும் ஒரே கோடாகக் கீறினேன். நல்ல வடிவான கோடு என்று சொன்னார்கள். மாற்றம் கிடைக்கவுமில்லை.

தோணியை ஏற்றிக்கொண்டு போன கிழமை உன் குசினியில் இருந்து சாப்பிட்டோமே. “இந்தப் படத்தைக் கீறின மூளைகெட்ட விசரன் ஆர் மச்சான்? கையிலை அகப்பட்டால் களப்பிலை முக்கி எடுப்பன்” என்று சிரித்துக்கொண்டு கேட்டாய். எனக்கு இன்னொரு துண்டு மீனும் போட்டாய். நான் அதைச் சாப்பிட்டேன். என்னை நினைக்க எனக்கே அருவருக்கிறது. வேறு யாரைத் திட்டி என்ன?

ஞாயிற்றுக்கிழமை திரேசம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முற்றத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. சட்டி நிறைந்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“அவருக்குத் தெரியுமோ?”

“இல்லை, திரேசம்மா. சொல்லேல்லை.”

“அப்ப முதல் அவருக்குச் சொல்லுங்கோ. பிறகு கச்சேரிக்குப் போவம்.”

சொல்லிவிட்டேன் மச்சான். வருகிற திங்கட்கிழமை திரேசம்மாவோடு போகிறேன். படத்தை விரித்து, இந்தக் கோட்டைக் கீறியவன் நான், இது பொய் என்று தெரிந்தே கீறினேன் என்று சொல்வேன். வேலை போனால் போகட்டும். ஐப்பசிக்கு முன் தோணி வராவிட்டால் முகத்துவாரத்தில் நானே நிற்பேன், அக்கரைக்குப் போக வழியில்லாதவர்களுக்கு, ஆற்றை அழித்தவன் இவன்தான் என்று என் முகத்தைக் காட்டிக்கொண்டு.

நீ தேடிய விசரன்,
உன் மச்சான் சிவஞானம்.