வாறுகாலுக்கும் சேர்த்துத்தான் வீட்டு வரி

மதினி, இன்று காலை காகிதக் குழாய் ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். அந்த வாடை எழும்பினாலே பக்கத்து வீட்டிலிருந்து, "அடி பிடிக்குது பாரு, கிண்டு" என்பீர்கள். இன்று கேட்டது எதிர்வீட்டுக்காரியின் குரல். "வரிக்கு அளக்க வாராக! எல்லாத்தையும் உள்ள தள்ளு!"

நம் தெரு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வெடிக் கம்பெனிக்காக வீட்டில் உருட்டும் காகிதக் குழாய்கள், டேப்போடு ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். தொழில் நடக்கிற வீடு என்று எழுதிவிட்டால் வரி ஏறுமே என்ற பயம். போன முறை நீங்கள் ஒருத்திதான் ஒளிக்கவில்லை. "நல்லா எழுதிக்கோங்க. சாக்கடை ஓட வாறுகால் எப்ப வரும்னும் சொல்லிட்டுப் போங்க" என்றீர்கள். பிழைக்கத் தெரியாதவர் என்று உங்களைச் சொன்னோம்.

மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் முதலில் நுழைவது உங்கள் வீட்டில்தான். உருட்டி அடுக்கிய குழாய் லோடு ஊறிப்போய், படியில் உட்கார்ந்து அழுதீர்கள். வரி ரசீதோடு முனிசிபல் ஆபீஸுக்குத் தனியாகவே நடந்தீர்கள். உங்கள் கருமாதி முடிந்த பிறகுதான் வாறுகால் வந்தது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இப்போது வரி இன்னும் கூடிவிட்டது. கொடுப்பதற்குத் தக்கது கிடைக்கிறதா என்றால், பாதிதான் என்பேன். வாறுகாலைக் கட்டினார்கள், அள்ளத்தான் ஆள் வருவதில்லை. குப்பை அடைத்துத் தண்ணீர் மறுபடி படியேறப் பார்க்கிறது. தெருவே புலம்புகிறது. ஆனால் வீட்டில் பாதியை ஒளித்துவைத்துக்கொண்டு, எந்த வாயால் போய்க் கேட்பது?

குழாய்களை நான் எடுக்கவில்லை. அளக்க வந்த பெண், "இங்கன தொழில் நடக்குதாக்கா?" என்றாள். "நடக்குது தாயி" என்றேன். எழுதிக்கொண்டாள். மத்தியானம் எங்கள் வீட்டுக்காரர், "வரிய நீயே கூப்பிட்டு வாங்கிக்கிட்டயாக்கும்!" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். தீர்க்கட்டும், சோறு மட்டும் குறையாமல் தின்றார்.

வாறுகாலை அள்ளச் சொல்லித் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகிறேன். எதிர்வீட்டுக்காரியும் வருகிறாள். "வாரேன், ஆனா வாயத் தொறக்க மாட்டேன்" என்று இப்போதே சொல்லிவிட்டாள். எனக்கும் நாலு பேர் முன்னால் பேச வராது, மதினி. நீங்கள் இருந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருப்பேன். இப்போது நான்தான் முன்னால் நடக்க வேண்டும்.