பெட்ரோல் மூடியில் வைத்த சந்தனம்

என் பிடிவாதத்தையும் ஏற்றிக்கொண்டு முன் சீட்டில் கூடவே வந்த ராமையா மச்சானுக்கு,

என் பச்சைக் கார் ஏன் வழியில் நின்றுபோகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். உனக்கு இது புதுச் செய்தி இல்லை. எனக்குத்தான் புதிது.

உன் தலைத்திவசத்துக்கு உன் மனைவியை, என் தங்கச்சி பாக்கியத்தை, ஏற்றிக்கொண்டு போர்டிக்சன் கடற்கரைக்குப் புறப்பட்டேன். உன் மகன் தன் காரில் வரச் சொன்னான். இந்தக் கிழட்டுக் கார் இன்னொரு தடவை வழியில் நின்றால் பழைய இரும்புக்குத்தான் என்றும் சொல்லிவிட்டு முன்னால் போனான். நான் கேட்பேனா? பெடாஸ் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் வழக்கம்போல இருமிவிட்டு நின்றது. கடற்கரையில் ஐயர் காத்திருந்தார்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்குப் பிறகும் இரண்டு மாதம் இந்தத் தொல்லை, அப்புறம் தானாகப் போய்விடும். பிளக்கை மாற்றினேன், காயிலை மாற்றினேன், பம்பைக் கழற்றி மாட்டினேன். யாரிடமும் படிக்காமல் நானே கழற்றிக் கற்றவன் அல்லவா? நீ பின்னால் போய் நின்று, "இப்ப ஸ்டார்ட் பண்ணு லா மச்சான்" என்பாய். இஞ்சின் பிடித்துக்கொள்ளும். என் கைராசி என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று அரை மணி நேரம் போராடியும் அசையவில்லை. பாக்கியம் இறங்கிப் பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"அவரு ஒவ்வொரு தடவையும் இதத்தாண்ணே தெறப்பாரு. ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

மூடியில் காற்றுப் போக ஊசி முனை அளவு ஓட்டை. வருஷா வருஷம் அதன்மேல்தான் நான் சந்தனத்தை அப்பியிருக்கிறேன். காற்று போகாமல் பெட்ரோல் எப்படி வரும்? மழை கழுவியதும் சரியாகிவிடும்.

ஒருமுறை நீ சொன்னாய், "சந்தனத்த ஒரு வெரல் தள்ளி வையேன் மச்சான்" என்று. என் காருக்குப் பொட்டு வைக்க எனக்குத் தெரியும் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம் என்று உன்மேல் கோபம்தான். சொல்லியிருந்தால் உன்னோடு பேசாமலே இருந்திருப்பேன். அது தெரிந்துதானே மழையிலும் பின்னால் போய் நின்றாய்? நன்றி மச்சான். நீ இருந்தபோது நான் ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை.

பாக்கியத்தின் சேலை ஊக்கால் சந்தனத்தைக் குத்தி எடுத்தோம். இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஐயர் முணுமுணுத்தாலும் உன் பிண்டம் நேரத்துக்குக் கடலில் கரைந்தது. வழியில் நின்றதா என்று உன் மகன் கேட்டான். "எங்க நின்னுச்சு? நல்லாத்தானே வந்துச்சு" என்றாள் பாக்கியம். நீதான் பழக்கிவைத்திருக்கிறாய். ஆனால் இந்தத் தடவை நானே அவனிடம் நடந்ததைச் சொன்னேன்.

காரை விற்க மாட்டேன். அடுத்த பூஜைக்கும் சந்தனம் வைப்பேன், அந்த மூடியிலும் வைப்பேன். ஓட்டையிலிருந்து ஒரு விரல் தள்ளி. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், உன் பெயரைச் சொல்வேன்.

உன் பேச்சை இப்போதுதான் கேட்கும்
உன் மச்சான்,
கோவிந்தன்