காற்றில் விட்ட கேஸ்

9 ஏப்ரல் 2025
பாளையங்கோட்டையில் தஸ்மியா டீச்சர் வீட்டுப் பழைய ஏசியைக் கழற்றினேன். குழாயைத் திறந்ததும் வழக்கம்போல 'உஸ்'.

"அந்தக் கேஸ் எங்க போகுது அண்ணாச்சி?"

"காத்தோட காத்தாப் போயிரும் டீச்சர்" என்றேன், ஞானி மாதிரி.

கல்லூரியில் வேதியியல் நடத்துபவர். "இந்த ஒரு கிலோ கேஸ் பூமியச் சூடாக்குறதும், ஒங்க பைக் நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடுறதும் ஒண்ணு" என்றார். திட்டவில்லை. டீ கொடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

சிக்னலில் பைக்கை அணைப்பவன் நான். பிளாஸ்டிக் பையோடு வந்தால் முத்துராணியைக் கடைக்கே திருப்பி அனுப்பும் உத்தமப் புருஷன்.

10 ஏப்ரல்
கணக்குப் போட்டேன். பதினேழு வருஷம், வாரத்துக்கு இரண்டு ஏசி. கிட்டத்தட்ட ஏழு கோடி கிலோமீட்டர். சூரியனுக்குப் பாதி வழி! 'என்ன வெயில் இது' என்று இனி நான் யாரிடமும் குறைப்படக் கூடாது.

11 ஏப்ரல்
முத்துராணியிடம் சொன்னேன். வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "அப்போ நீங்க விட்ட கேஸுக்குத்தான் நான் ஆறு வருஷமா துணிப்பையத் தூக்கிட்டு அலையுதேனா?"

மீதி வெங்காயத்தை நான் உரித்தேன்.

16 ஏப்ரல்
பேட்டையில் எங்கள் கடையில் கேஸை உறிஞ்சி சிலிண்டரில் அடைக்கும் மிஷின் ஒன்று கிடக்கிறது. வந்த நாளிலிருந்து யாரும் பெட்டியைப் பிரிக்கவில்லை. அதன்மேல்தான் எல்லோரும் சாப்பாட்டுத் தூக்கை வைப்போம். எடுத்துக்கொள்ளட்டுமா என்று முதலாளி மீரா முகைதீனிடம் கேட்டேன்.

"எடும் வே. ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் முக்கா மணி நேரம் கூட ஆவுமே. இந்த வெக்கையில எவன் காத்துக் கெடப்பான்?"

17 ஏப்ரல்
முதல் முயற்சி. குழாயை மாற்றி மாட்டிவிட்டேன். மொத்தக் கேஸும் வெளியே. இன்னும் ஒரு நாற்பதாயிரம் கிலோமீட்டர்.

8 மே
கத்திரி வெயில். மிஷினோடு இரண்டு வீடுதான் முடிந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் கடைக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறார். கூட வேலை பார்க்கும் ரசீத் எல்லோர் முன்னாலும், "அண்ணாச்சி காத்தப் பிடிச்சு டப்பாவுல அடைக்காரு" என்றான். ஒரே சிரிப்பு. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"நாளையிலருந்து மிஷின் வேண்டாம் வே. இல்லன்னா வேற எடம் பாரும்."

9 மே
திறந்துவிட்டேன். முதலாளி பக்கத்திலேயே நின்றார். உஸ் — அவ்வளவுதான்.

ராத்திரி என்னை நானே கேட்டுக்கொண்டேன்: இத்தன வருஷம் தெரியாமச் செஞ்சே, சரி. இன்னைக்குத் தெரிஞ்சுதானலே செஞ்சே? வயித்துப் பொழப்புன்னு சொல்லுவே. பதினேழு வருஷமும் அதத்தானலே சொன்னே?

11 மே
முதலாளி வீட்டுக்கே போனேன். வழியெல்லாம் பேசிப் பார்த்த பேச்சு வாசலில் மறந்துவிட்டது.

"கழட்டுற வேலைய எனக்குக் காலைல ஆறு மணிக்கே குடுங்க முதலாளி. கூட ஆவுற நேரம் என் நேரம். மிஷின் இல்லாம இனி தொறக்க மாட்டேன். வேண்டாம்னா சொல்லிருங்க, போயிருதேன்."

வீரனுக்கு இவ்வளவு வியர்க்குமா?

தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஒரு மாசம் பாப்போம் வே."

30 மே
ஆறு மணிக்குக் கதவைத் தட்டினால் பூமியைக் காக்க வந்தவன் என்று யார் நினைக்கிறார்கள்? பால்காரன் என்று பாத்திரத்தோடு வருகிறார்கள்.

14 ஜூன்
காலையில் கடைக்குப் போனால் மிஷினைக் காணோம். திருட்டு என்றே நினைத்துவிட்டேன். பதறிப்போய் முதலாளிக்குப் போன் செய்தேன்.

"ரசீத் அஞ்சரைக்கே எடுத்துட்டுப் போயிட்டாம்லா" என்றார், தூக்கக் கலக்கத்தில்.

ஏழேகாலுக்கு வந்தான்.

"என்னலே, பூமிக்காகவா?"

"பூமியாவது! ஒம்பது மணிக்கு மேல மொட்டமாடியில கால் வைக்க முடியல அண்ணாச்சி. வெள்ளனே போனா மிஷினுக்கும் நேரம் இருக்கு."

சிலிண்டரை வாங்கித் தூக்கிப் பார்த்தேன். நேற்றைவிடக் கனம்.