நனைந்த கம்ப்யூட்டரின் விலை

செல்ல மருமகளுக்கு உன் மாமா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். நீ வீட்டில் விட்டுப்போன கம்ப்யூட்டர் மட்டும் கொஞ்சம் குளித்துவிட்டது. மாடிக் குழாயை யாரோ மூடாமல் விட்டிருக்கிறார்கள். யார் என்று ஆராய்வதில் யாருக்கும் லாபமில்லை.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ்காரர் வந்தார். பணம் வந்தால் புதிது வாங்கி, வீடியோவில் உன் முகத்தைப் பெரிதாகப் பார்த்துப் பேசலாம் என்று உன் அம்மாவுக்கு ஆசை. "அண்ணா, நீ வாயைத் திறக்காம உட்காரு, அது போதும்" என்றாள். நான் வாயைத் திறக்காமல் இந்த வீட்டில் எந்தக் காரியம் நடந்திருக்கிறது?

"ரொம்பப் பழசுங்க. தேய்மானம் கழிச்சா பெரிசா ஒண்ணும் தேறாது" என்றார் அவர்.

"தேயறதுக்கு இதென்ன செருப்பா? இதுல படிச்ச பொண்ணு இன்னைக்கு ஆயிரம் பேருக்கு மேலதிகாரி" என்றேன்.

"ஆறு பேரு" என்று உன் அம்மா முணுமுணுத்தாள்.

அவர் அசரவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடல்ல முக்கி எடுத்தாலும் ஓடுங்க இது. நானே பிரிச்சு வெயில்ல காயவச்சு மாட்டியிருக்கேன்" என்று சுவிட்சைத் தட்டினேன். உன் அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

ஓடிவிட்டது. திரை முழுக்க, பல் விழுந்த வாயோடு சின்ன வயசு நீ சிரிக்கிறாய்.

"ஓடுற கம்ப்யூட்டருக்கு நஷ்ட ஈடு எதுக்குங்க?" என்று அவர் பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

என்னைத் திட்ட வாயெடுத்த உன் அம்மா, திரையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடு. குழாயைப் பற்றி அவள் ஏதாவது சொன்னால் நம்பாதே.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் வைத்தியரான உன் மாமா