மணிக்காரியின் தழும்பு

மார்ச் 3, செவ்வாய்

வந்துவிட்டது! காற்றூர் தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டம் இன்று மதியம் வெளியானது. செயற்கைப் பல் செய்யும் எங்கள் லேபில் ஒரு முன்பல்லுக்கு நிறம் சேர்த்துக்கொண்டிருந்தேன். போன் துள்ளியது. தூரிகையை அப்படியே வைத்துவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். காற்றின் மேல் கட்டிய ஊர் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. அதன் ஓரத்தில் மணிக்கூண்டு. காற்று திசை மாறப்போகிறது என்று ஊருக்குச் சொல்லும் மணிக்காரி, கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறாள்! நாற்பது தாண்டிய பெண்மணி கழிவறையில் குதித்தேன். வெளியே வந்ததும் முதலாளி, "வயிறு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்து படிக்கிற காற்றூர் புத்தகங்கள். மொத்தம் ஐந்து. முதல் புத்தகத்தை நானும் அண்ணனும் பிளேடால் நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு படித்தோம். முன்பாதி அவனுக்கு. முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்துக்குப் போனவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எந்த லிஃப்டுக்கு மேல் நின்று என்ன ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறானோ.

மார்ச் 4, புதன்

அண்ணன் பார்த்துவிட்டான்.

"தழும்பு எங்க?" ஹலோகூடச் சொல்லவில்லை.

"எந்தத் தழும்பு?"

"மணிக்காரிக்கு இடது புருவத்துல இருக்கும்ல. அதத் தொடச்சு எடுத்துட்டானுங்க. மூஞ்சி மொழுமொழுன்னு இருக்கு. அவ என்ன சோப்பு விளம்பரத்துக்கா வந்திருக்கா?"

முன்னோட்டத்தை மறுபடி போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உண்மைதான், தழும்பு இல்லை. சே! ஒரு தழும்பு வைக்க என்ன கேடு இவர்களுக்கு? ஆனால் அந்த மேகம்... அதை எப்படிச் செய்தார்கள்? நான் மனதில் பார்த்த மேகம் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

"ஒரு தழும்புக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை, அவருக்கு எங்கே தெரியப்போகிறது. பல வருடத்துக்கு முன் இதே கதையைப் படமாக எடுத்தார்கள். அண்ணன் தன்னோடு வேலை பார்க்கிற எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனான். படத்தில் ஊர் பறக்கவே இல்லை. வயல் நடுவில் நின்றது. மணிக்காரி மணி அடிப்பதை விட்டுவிட்டு மழையில் ஆடினாள். அதற்கப்புறம் ரொம்ப நாள், அண்ணன் வேலை இடத்துக்குள் நுழைந்தாலே யாராவது "டிங் டாங்" என்பார்கள். அந்தச் சூடு அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

காற்றூர் வாசகர்களின் இணையக் குழுவை நடத்துகிறவன் அவன்தான். இன்று அறிக்கை விட்டுவிட்டான்: தழும்பு இல்லாத மணிக்காரி எங்களுக்கு வேண்டாம், ஏப்ரல் பத்தில் தொடங்கும் தொடரைப் பார்க்க மாட்டோம். ஆயிரக்கணக்கில் ஆதரவு. எனக்கும் போன். "ஏப்ரல் பத்தாம் தேதி நீ அதப் பாத்தேன்னு தெரிஞ்சுது, என் வீட்டுப் பக்கம் வந்துடாத."

நானும் கையெழுத்துப் போட்டேன். போட்ட கையோடு முன்னோட்டத்தை இன்னொரு தடவை பார்த்தேன். வெட்கமே இல்லை எனக்கு.

உண்மையைச் சொன்னால் என்ன? எனக்கு அதைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் அண்ணன் இருக்க வேண்டும். வேறு யார் உட்கார்ந்தாலும் சரிப்படாது. இரண்டும் சேர்ந்து நடக்காது போலிருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

ஒரு பல் திரும்பி வந்தது. விழுந்த முன்பல்லைப் போலவே செய்யச் சொல்லியிருந்தார்கள். பழைய போட்டோவில் அது கொஞ்சம் கோணல், நானும் அப்படியே செய்து அனுப்பினேன். பல் விழுந்த அம்மா, "என் பல்லு நேராத்தான் இருந்துச்சு, போட்டோதான் கோணல்" என்று டாக்டரிடம் சண்டையாம். நேராகச் செய்து அனுப்பிவிட்டேன். வாயில் போட்டுக்கொள்ளப் போவது அவர்தானே.

மார்ச் 15, ஞாயிறு

குழுவில் ஒருவர், புதிதாகச் சேர்ந்தவர், பணிவாகக் கேட்டிருக்கிறார்: தழும்பு எந்தப் பக்கத்தில் வருகிறது?

அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நீதான் எல்லாத்தையும் மனப்பாடமா வச்சிருக்கியே, எடுத்துக் குடு. அவன் வாய மூடட்டும்."

யோசித்தேன். பக்கம் நினைவுக்கு வரவில்லை! எனக்கா? சரி, இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா, முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது.

மார்ச் 21, சனி

ஐந்தும் முடித்துவிட்டேன். இல்லை.

மணிக்காரியின் வெடித்த உதடு இருக்கிறது, கயிறு அறுத்த உள்ளங்கை இருக்கிறது, ஒரு நகம் கறுத்திருப்பதுகூட இருக்கிறது. புருவத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் வருகிற இடங்களை மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன். இல்லவே இல்லை.

ஐயோ அண்ணா. ஆயிரக்கணக்கான பேர். இதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் விட்டால்? விட்டால் நீ கடைசிவரை பார்க்க மாட்டாய்.

மார்ச் 22, ஞாயிறு

நேரில் போனேன். லிஃப்ட் கதவின் பூட்டு ஒன்றைத் தரையில் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணா."

"என்ன இல்ல?"

"தழும்பு. அஞ்சு புத்தகத்துலயும் இல்ல."

"சரியாப் பாத்திருக்க மாட்ட."

"யாரு, நானா?"

"அப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்றான். சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். குழு ஆரம்பித்த நாளில் அவன் வரைந்த மணிக்காரி. எல்லோரும் சட்டையிலும் போனிலும் போட்டுக்கொள்வது அந்தப் படத்தைத்தான். தழும்பும் அதிலிருந்துதான் எல்லோர் தலைக்குள்ளும் போயிருக்கிறது.

"இல்லாதத நான் எதுக்கு வரையப் போறேன்?" என்றான்.

அண்ணி எழுந்து வந்தார். "கண்ணாடியக் கழட்டு" என்றார் என்னிடம். ஈரத்துண்டால் என் புருவ மையை அழுத்தித் துடைத்தார். "இப்பப் பாருங்க" என்றார் அவனிடம். "படத்துல மூக்கும் இவளோடதுதான். கல்யாணம் ஆகி வந்த புதுசுலயே கேக்கணும்னு நெனச்சேன். ரெண்டு பேருக்கும் தெரியும்போலன்னு விட்டுட்டேன்."

சின்ன வயதில் எனக்கு ஊஞ்சல் பலகை இடித்த தழும்பு. தினமும் காலையில் மை தீட்டி மறைத்துவிட்டு, மேலே கண்ணாடியும் போட்டுக்கொண்டு லேபுக்குப் போகிறேன். தொலைக்காட்சிக்காரர்களைத் திட்டி நான் எதற்குக் கையெழுத்துப் போட்டேன்?

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "படிக்கும்போது அப்படித்தான் தெரிஞ்சா. அதுக்கு நான் என்ன பண்ண?" என்றான்.

அழுகை வந்துவிட்டது. ஒரு ஊரையே காப்பாற்றுகிறவளை இத்தனை வருடம் என் முகத்தோடு படித்திருக்கிறான். என்னிடம் நல்லதாக நாலு வார்த்தை பேசியதில்லை, பாவி. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் என் தலையில் குட்டுவதுதான்.

மார்ச் 24, செவ்வாய்

குழுவில் எழுதிவிட்டான். "தழும்பு புத்தகத்தில் இல்லை. என் படத்தில்தான் இருக்கிறது. அது என் தங்கையின் தழும்பு. அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்."

சிரிப்பு, திட்டு, இதய பொம்மைகள். ஒருவர் தன் புருவத்திலேயே அந்தத் தழும்பைப் பச்சை குத்தியிருக்கிறாராம், இப்போது என்ன செய்வது என்று கேட்கிறார். பக்க எண் கேட்டவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை.

நான் போனில் அண்ணனைக் கேட்டேன், "அப்ப பத்தாம் தேதி வர்றியா?"

"அறிக்கைதான் வாபஸ். பயம் அப்படியேதான் இருக்கு. இன்னொரு தடவ ஏமாந்தா தாங்காது எனக்கு."

அவன் பயம் என்று சொல்லி இன்றுதான் கேட்கிறேன். வற்புறுத்தவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

நாளை! லேபில் அந்த நினைப்பிலேயே கடைவாய்ப் பல்லுக்கு முன்பல்லின் நிறத்தைப் பூசிவிட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

சாயங்காலம் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு, பொத்தானை அமுக்க மனம் வரவில்லை. வீட்டுக்காரர், "அவர் வரமாட்டார், போடு" என்றார். இன்னும் கொஞ்சம் என்றேன். அப்புறம் அழைப்பு மணி. சீருடையோடு, கையெல்லாம் கிரீஸோடு அண்ணன். "கை கழுவிட்டு வர்றேன், அதுக்குள்ள போட்டுடாத!"

போட்டோம். ஊர் பறந்தது! நிஜமாகவே பறந்தது! புத்தகத்தில் வருகிற சித்தப்பா பாத்திரத்தையே காணோம், "அடப்பாவிகளா" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினோம். அண்ணன் நிறுத்தச் சொன்னான். "கப்பிய தப்பா மாட்டியிருக்கான். இந்தக் கயிறு இப்படி இழுத்தா மணி இவ தலையிலதான் விழும்." வீட்டுக்காரர் கும்பிட்டார். "பாக்க விடுங்க மச்சான்."

மணிக்கூண்டு மணி அடித்தது. என் மனதில் இருந்த மணிக்கு மெல்லிய குரல். இது அடிவயிற்றில் அதிர்ந்தது. இனி எப்போது படித்தாலும் இந்தச் சத்தம்தான் கேட்கும், என்னுடையது போய்விடும் என்று நினைத்தபோது துக்கமாக இருந்தது. அதே நேரத்தில் கைதட்டிக்கொண்டும் இருந்தேன். இது என்ன புத்தி?

அந்த நடிகை பயந்து பயந்துதான் கயிற்றைத் தொட்டாள். அப்புறம் விடவே இல்லை. அவள் நான் இல்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

முடிந்ததும் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு, "வேலையிருக்கு" என்று போய்விட்டான். பிடித்ததா, பிடிக்கவில்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

ஏப்ரல் 11, சனி

காலையில் அண்ணனிடமிருந்து முழ நீளத்துக்கு மெசேஜ். கப்பி தப்பு, எதிர் எடை தப்பு, ஊர்த்தலைவருக்கு ஒட்டுத்தாடி, மேகம் சுமார். படித்து முடிப்பதற்குள் இன்னொன்று வந்தது.

"ரெண்டாவது எபிசோட நான் வர்றதுக்குள்ள பாத்துடாத."