ஆற்றங்கரைத் தோப்பில் வேலுமணி

1937 ஏப்ரல் 22, வியாழன்
சூரமங்கலம்

கூட்ஸ் ஆபீசிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. இந்த வருஷம் தோப்புக்குப் போகிறோம் என்கிறார். அண்ணனுக்கு வாக்குக் கொடுத்தாயிற்றாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வருஷா வருஷம் சித்திரையில் இவருடைய பங்காளிகள் எல்லோரும் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு காவிரிக் கரை மாந்தோப்புக்கு வந்து நாலு நாள் தங்குவார்கள். குலதெய்வமான அம்மன் அங்கேதான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை பொங்கல், சனிக்கிழமை கிடாவெட்டு. மற்ற நேரமெல்லாம் ஆற்றுக் குளியல், ஊஞ்சல், கும்மி, அரட்டை. கல்யாணமான புதிதில் சித்திரை எப்போது வரும் என்று காத்துக் கிடந்தவள்தான் நானும்.

மகள் வேலுமணிக்கு ஏழு வயதில் முதல் வலிப்பு வந்தது. அதோடு தோப்புக்கு முழுக்குப் போட்டேன். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. ஒரு வருஷம் அவளுக்குப் பரீட்சை, ஒரு வருஷம் எனக்கு இடுப்பு வலி, ஒரு வருஷம் மஞ்சள் காமாலை. பங்காளிகளுக்குச் சொல்லச் சொல்லி எனக்கு இல்லாத வியாதி இல்லை. அவளுக்கு இருப்பதை மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. தெரிந்தால் நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள்?

"எத்தன நாளைக்குத்தான் புள்ளயப் பொட்டிக்குள்ள பூட்டி வெப்ப?" என்றார் இவர்.

பூட்டித்தான் வைப்பேன். ஆற்றில் நிற்கும்போது வந்துவிட்டால் இவரா கூட ஓடுவார்? இவர் ஆண்கள் பக்கம் வெற்றிலை போட்டுக்கொண்டு இருப்பார்.

ஏப்ரல் 27, செவ்வாய்

டாக்டரிடம் போய்க் கேட்டேன். போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார், அதையே பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மனுஷன் சிரிக்கிறார். "தாராளமா போகட்டுமே. நெருப்பு, தண்ணி, உயரமான இடம், இந்த மூணுகிட்ட மட்டும் தனியா விடாதீங்க. மருந்து தப்பக் கூடாது."

நெருப்பும் தண்ணீரும் மரமும் இல்லாத தோப்பு எந்த ஊரில் இருக்கிறது?

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டுச் சும்மா இருங்கள் என்றார். சும்மா இருப்பதாம். பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது?

மே 3, திங்கள்

மாசிக்குப் பிறகு அவளுக்கு வலிப்பு வரவே இல்லை. ஐயோ, இதை எழுதியே இருக்கக் கூடாது. கண் பட்டுவிடும்.

மே 6, வியாழன்
தோப்பு

சங்ககிரியில் ரயிலை விட்டு இறங்கினோம். மூத்தார் வண்டி அனுப்பியிருந்தார். மூத்தார் என்றால் இவருடைய அண்ணன்; சின்னண்ணன் என்று பேர். இந்தக் கூட்டத்துக்கே அவர்தான் தலை.

வட்டமாக வண்டிகளை நிறுத்தி, இடையிடையே மூங்கில் தட்டி கட்டி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிழல். எங்களுக்கு வண்டி இல்லை. இவர் கூட்ஸ் ஷெட்டில் கழித்துப் போட்ட படுதாவைக் கொண்டுவந்து இரண்டு மாமரத்துக்கு நடுவே கட்டியிருக்கிறார். தார் நாற்றம் குடலைப் புரட்டுகிறது. ஆனால் பிள்ளைகளுக்கெல்லாம் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும். "ரயில் ஊடு" என்று பேர் வைத்துவிட்டார்கள்.

மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி அங்கம்மாள் அக்கா, வேலுமணியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். "ஏஞ்சாமி! இத்தன ஒசரம் வளந்துட்டயா! இந்த மவராசிய ஏம்மிணி கண்ணுலயே காட்டாம வெச்சிருந்த?"

எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

அவள் ஆற்றுக்குப் போனால் நானும் ஆற்றுக்கு. ஊஞ்சல் பக்கம் போனால் நானும் போய் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஊஞ்சல் ஆடினால் தலை சுற்றும், வேண்டாம் என்றேன். அவள் முகம் தொங்கிப் போயிற்று. மூத்தாரின் மருமகள் அத்தாயி ஒரு வாயாடி. எல்லோரும் கேட்கச் சொல்கிறாள்: "ஏனுங்கத்தை, புள்ளய முந்தானையிலயே முடிஞ்சு வெச்சிருக்கறீங்க? ஆத்துல தண்ணி முழங்காலுக்குத்தானுங்க."

முழங்கால் தண்ணீர் போதாதா?

மே 7, வெள்ளி

காலையில் வேலுமணி மணலில் ஊற்றுத் தோண்டினாள். அப்படி ஒரு சிரிப்பு. அவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. நாம் பயந்தது வீணோ?

மே 7, பொழுது சாய்ந்த பிறகு

வந்துவிட்டது.

எல்லோருக்கும் நடுவில். எழுத்துக் கோணுகிறது. பரவாயில்லை, எழுதினால்தான் நெஞ்சு ஆறும்.

அம்மனுக்கு முன்னால் வரிசையாகப் பொங்கல் பானைகள். பம்பைக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். நான் அடுப்பிலிருந்து அவளைத் தள்ளியேதான் நிறுத்தியிருந்தேன். பானை பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பம்பை இன்னும் வேகமாகப் போயிற்று. வேலுமணி ஒரு சத்தம் கொடுத்தாள். எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். பிடிப்பதற்குள் விழுந்துவிட்டாள். கை கால் வெட்டி இழுக்கிறது, கண் மேலே போய்விட்டது.

நான் ஓடுவதற்குள் யாரோ கத்தினார்கள்: "ஆத்தா வந்துட்டா! புள்ள மேல ஆத்தா எறங்கிட்டா!"

அவ்வளவுதான். கூட்டம் அப்படியே விழுந்து கும்பிட்டது. குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் முகத்தில் ஊற்றினார்கள். வேப்பிலையை வாய்க்குள் திணிக்கப் போனார்கள், நான் தட்டிவிட்டேன். மூத்தார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மண்டியிட்டு, "ஆத்தா! கெணத்துல தண்ணி வத்திக் கெடக்குது. எந்த மூலையில வெட்டோணும்னு ஒரு வாக்குச் சொல்லு!" என்று என் குழந்தையைக் கேட்கிறார். அவள் வாயில் நுரையும் மஞ்சள் தண்ணீரும். மூச்சுத் திணறுகிறது.

எப்படியோ அவளை ஒருக்களித்துத் திருப்பிவிட்டேன். நின்றது. "ஆத்தா மலையேறிட்டா" என்றார்கள்.

அந்த நிமிஷம் எனக்குள் என்ன ஓடியது தெரியுமா? அப்பாடா என்றிருந்தது. யாருக்கும் தெரியவில்லை, தெரியாமலே தப்பித்தோம் என்று இருந்தது. நான் வாயே திறக்கவில்லை.

மே 8, சனி, காலை

தூங்கி எழுந்த பிள்ளை காலில் பெரியவர்களெல்லாம் விழுகிறார்கள். அவளுக்குத் தனிப் பலகை, தனித் தட்டு. நேற்று அவளோடு மணல் தோண்டிய பெண்கள் இன்று வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமே நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கறிச்சோறு ஆகாதாம். பாலும் பழமும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் கிடாய்க் கறி கொதிக்கிற வாசனை.

"அம்மா, நான் சாமியா?"

"இல்ல கண்ணு."

"அப்புறம் எனக்கு ஏன் கறி தர மாட்டேங்கறாங்க?"



இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நோவுன்னு சொல்றதுக்குச் சாமின்னு சொல்றது மேலில்லயா? இருக்கட்டும் உடு" என்றார். நேற்று நான் நினைத்ததையேதான் சொல்கிறார். அதற்கு எப்படிக் கோபப்படுவது?

ஆனால் அங்கம்மாள் அக்கா இப்போது வந்து ஒன்று சொல்லிவிட்டுப் போகிறார். பொழுதோடு மறுபடியும் பம்பை வைக்கப் போகிறார்களாம். நேற்று வாக்குச் சொல்லாமல் போய்விட்டதால் இன்று ஆத்தாளை வரவழைத்தே தீர வேண்டுமாம். "வார வரைக்கும் அடிக்கோணும்னு உன்ற மூத்தாரு சொல்லியிருக்குது" என்றார், சந்தோஷமாக.

வரும் வரைக்கும். வந்தால் மறுபடி தண்ணீர். அடுத்த வருஷமும் இதேதான். கல்யாணம் காட்சிக்கெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து அடிப்பார்கள். ஒரு நாள் அந்தத் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும்.

நான் மறைத்ததற்கு அவள் மூச்சை விடுவதா?

மே 8, மாலை

சொல்லிவிட்டேன்.

வேலுமணிக்கு மஞ்சள் சேலை சுற்றி அம்மன் முன்னால் உட்கார வைத்தார்கள். பம்பையில் முதல் அடி விழுந்தது. அவள் திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் எழுந்து போய்ப் பம்பையின் தோல்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டேன். சத்தம் நின்றது. பம்பைக்காரர் மிரண்டுபோய்க் குச்சியைக் கீழே போட்டார். பெண்பிள்ளை பம்பையைத் தொடுவதா?

பதினான்கு வருஷமாக மூத்தாருக்கு முன்னால் நான் நிமிர்ந்து நின்று பேசினதில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் கதவு மறைவில் நின்று அக்காவிடம்தான் சொல்லி அனுப்புவேன். இன்று நேராகவே சொன்னேன். "சாமி இல்லீங்க. நோவு. காக்கா வலிப்பு. ஏழு வயசுலருந்து இருக்குதுங்க. சேலத்துல மருந்து குடுத்துட்டு வாரோம். அடிச்சீங்கன்னா மறுபடி வந்துருமுங்க. எம்புள்ள செத்துப் போயிருமுங்க."

சொன்னதும் அழுதுவிட்டேன்.

மூத்தார் முகம் சிறுத்துப் போயிற்று. "கொலசாமி முன்னால நின்னு சாமியில்லைங்கறயா அம்மிணி?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் பெண்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போனதும் பேச்சு நின்றது.

வேலுமணி கறிச்சோறு சாப்பிட்டாள். நானே போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மே 9, ஞாயிறு

விடிந்ததும் படுதாவைச் சுருட்டினோம். வழியனுப்ப யாரும் வரவில்லை. ரயிலில் உட்கார்ந்த பிறகு இவர், "சொன்னது செரிதான்" என்றார். அதை நேற்றே சொல்லியிருந்தால் என்ன?

ஆகஸ்ட் 3, செவ்வாய்

ஆடிப் பதினெட்டு. யாரும் அழைக்கவில்லை.

செப்டம்பர் 12, ஞாயிறு

பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்று நடந்து முடிந்ததாம். ஆபீசுக்கு வந்த யாரோ சொல்லி இவருக்குத் தெரிந்திருக்கிறது. இவர் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்க் கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவினார். பிள்ளைக்காக ஒரு கூட்டத்தையே இழந்துவிட்டோமா? சொல்லாமல் இருந்திருக்கலாமோ? - இல்லை. இல்லை.

1938 ஜனவரி 20, வியாழன்

இன்று மூத்தார் வந்தார். சேலத்தில் ஏதோ வேலையாம், திரும்பக் கோயமுத்தூர் ரயிலுக்கு நேரமிருந்ததாம், எட்டிப் பார்த்தாராம். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. நான் மறுபடியும் கதவு மறைவுக்கே போய் நின்றேன். வேலுமணிதான் அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கொடுத்துவிட்டுத் திரும்பினவளுக்கு வந்துவிட்டது. பம்பை இல்லை, குலவை இல்லை, சாம்பிராணி இல்லை. பட்டப் பகலில், வெறும் கூடத்தில். நான் ஓடிப்போய் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்கடியில் சேலையைச் சுருட்டி வைத்தேன். நாக்கைக் கடித்து ரத்தம். பாவாடை நனைந்துவிட்டது. மூத்தார் எழுந்து போகவில்லை. அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார்.

எல்லாம் நின்று அவள் தூங்கிப் போனதும் மெல்லக் கேட்டார், என்னைத்தான்: "இதுக்கா அம்மிணி நாங்க கொடங்கொடமாத் தண்ணிய ஊத்துனோம்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ரயில் போய்விட்டது. இரவு தங்கிவிட்டுக் காலையில் போகிறேன் என்றார்.

ஏப்ரல் 24, ஞாயிறு

தோப்புக்கு வரச்சொல்லி மூத்தாரிடமிருந்து ஆள் வந்தது. பம்பைக்காரர்களை அம்மன் கோயிலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம், பிள்ளையை வண்டிகள் நிற்கும் இடத்திலேயே வைத்துக்கொள்ளலாமாம். இவர் படுதாவைத் தேடி எடுத்துவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த பிறகு எப்படிப் பார்ப்பார்கள்? பரிதாபமாகப் பார்த்தால் நான் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுவேன்.

மே 7, சனி
தோப்பு

இன்று ஒரு காரியம் நடந்துவிட்டது.

மதியம் சோற்றுக்கு முன்னால் படுதாவுக்கடியில் சற்றுத் தலை சாய்த்தேன். சும்மாதான், கண்ணை மூடக்கூட இல்லை என்று நினைத்தேன். விழித்துப் பார்த்தால் வெயில் தோப்பின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிற சத்தம். வேலுமணி பக்கத்தில் இல்லை.

தலைவிரிகோலமாக ஓடினேன். அவள் மரத்தடியில் பெண்களோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். வேறு பாவாடை கட்டியிருந்தாள். கீழுதடு வீங்கியிருந்தது.

அத்தாயியைப் பார்த்தேன். அவள் சாதாரணமாக, "ஆமாங்கத்தை, உச்சிக்கு வந்துச்சு. ஒருக்களிச்சுப் படுக்கப் போட்டோம். புள்ளைங்க சுத்தி நின்னு நெழலு கட்டுச்சுங்க. சித்த நேரத்துல நின்னுருச்சு. தூங்குனா, எந்திரிச்சா, கறிச்சோறு தின்னா" என்றாள்.

"என்னை ஏன்டி எழுப்பல?" என்று கத்தினேன். அத்தனை பேர் முன்னாலும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பெற்றவளை எழுப்பாமல் விடுவார்களா?

அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எதுக்குங்கத்தை எழுப்பறது? நாங்க இத்தன பேரு இருக்கறமே."

அங்கம்மாள் அக்கா என் பங்கை இலையில் கட்டி மூடி வைத்திருந்தார். வேலுமணி என்னைப் பார்த்து, "அம்மா, நகருங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க" என்றாள். நகர்ந்து உட்கார்ந்தேன். சோறு ஆறிப் போயிருந்தது. மீதி வைக்காமல் சாப்பிட்டேன்.